பொன்னாடைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை

ரப்பர் வளையம் ஒன்று காகிதத்தின் மேல் இறுகும்போது ஒரு சத்தம் வரும். டப் என்று. கெலாங் பாத்தாவில் நான் தினமும் பசியாறும் கடையில், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பழுப்புத் தாளில் மடித்து, விரல்களில் கோத்து வைத்திருக்கும் வளையங்களில் ஒன்றை உருவி விடுவாள் கடைக்காரப் பெண். டப். வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கு அது அடுத்த ஆள் என்று அர்த்தம். எனக்கு அது சனிக்கிழமை. சூடான சோறு பட்டதும் மெழுகுத்தாள் விடுகிற அந்த மணமும் கூடவே எழுந்து வரும். வேலைக்குப் போகிற அவசரத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவன் கண்கள் கலங்க நிற்பதைப் பார்த்து அவள் ஒருநாள் மலாயில் கேட்டாள், சம்பால் ரொம்பக் காரமா என்று. நான் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஆமாம் என்றேன்.

இங்கே வருவதற்கு முன் நான் இருந்த தெப்ராவில் எங்கள் சபை ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. பின்சந்தில், கடைக்காரர் விட்டுக்கொடுத்த ஒரு தகரக் கூரையின் கீழ், எங்கள் காஸ் அடுப்பு. சனிக்கிழமை காலையில் அங்கே சமைப்போம். சோறு, ஒரு கறி, ஒரு காய். மதியத்துக்குள் மெழுகுத்தாளில் மடித்து, ரப்பர் வளையம் போட்டுப் பொட்டலம் கட்டி, பக்கத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் கீழே இறங்க முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் தனியே இருப்பவர்கள், பிள்ளைகளே இல்லாதவர்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும்தான். இப்போது அந்த வேலையைச் சபை ஒரு சாப்பாட்டுக் கடையிடம் கொடுத்திருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில், மூடி போட்டு, சுத்தமாக வருகிறதாம். யாரும் வெங்காயம் உரிக்க வேண்டாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

கூப்பிடுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்த ஊழியத்துக்கு நான் பொறுப்பாளன். பாஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணம் ஒன்றுதான்: "உங்களுக்குக் குடும்ப பாரம் இல்லையே, பிரதர்." கல்யாணம் ஆகாதவனின் நேரம் சபையின் பொதுச்சொத்து. அதில் எனக்குக் குறையில்லை. வீட்டில் சுவர்க்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருப்பது மேல். வெங்காயமாவது கண்ணீரை வரவழைக்கும்.

சம்பளம் இல்லாத வேலைக்கு ஆளைச் சேர்ப்பது எப்படி என்று சபைகளில் பயிற்சி வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். நானும் போயிருக்கிறேன். தரிசனத்தைப் பகிருங்கள், வரங்களைக் கண்டுபிடியுங்கள், பாராட்டுங்கள் என்றார்கள். எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனத்தைப் போட்டு, "நாளைக்கு யார் யார்?" என்று கேட்டால், கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழும். கைகள் மட்டும். அந்தக் கைகளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் என் இரவு கழியும். தனியாகப் பிடித்துக் கேட்டால், "ஜெபிச்சிட்டுச் சொல்றேன் பிரதர்" என்பார்கள். அதற்குப் பிறகு அவர்களை நான் பேரங்காடியில்தான் பார்ப்பேன். நான் அரிசிப் பக்கம் திரும்பினால் அவர்கள் சோப்புப் பக்கம் திரும்புவார்கள். ஒரு முறை ஒரு குடும்பமே தள்ளுவண்டியோடு பின்வாங்கிப் போனதைப் பார்த்தேன். கோபமில்லை அவர்களுக்கு. நான் வாயைத் திறந்தால் ஏதாவது கேட்பேன் என்ற பயம்தான். கேட்கிறவனாகவே நான் ஆகிவிட்டேன். ஒரு ஊரில் இருபது வருடம் இருந்து, எல்லோருடைய தொலைபேசி எண்ணும் கைவசம் இருந்து, யாரையும் சும்மா கூப்பிட முடியாது என்பது ஒரு வகையான நோய்.

தவறாமல் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர். இன்னொருவர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த அக்கா. இவர்கள் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து காய் வெட்டுவார்கள். வெட்டுகிற நேரம் முழுக்கச் சண்டை.

"வெங்காயத்த வெட்டச் சொன்னா பொடியாக்கி வச்சிருக்கா. இது கொழம்புக்கா, கொழந்தைக்கா?" என்பார் டீச்சர்.

"இத்தன வருசம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, சரி. வெங்காயத்துக்குமா பாடம் நடத்தணும்?"

"பாத்தியா தம்பி இவ வாய?"

மூன்றாவது ஆள்தான் இருவருக்கும் நடுவில் வருவான். சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறவன். என்னைவிடச் சில வயது இளையவன். வாரம் முழுக்க விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் எல்லைப் பாலத்து ஜாமில் போய் நிற்பான். ஞாயிறு சபைக்குப் போக, சனிக்கிழமை ஒன்றுதான் அவனுக்கு லீவு. அந்த ஒருநாளும் எனக்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்திருப்பான்.

"சண்ட போடுங்க லா, யாரு வேணாம்னா?" என்பான். "வாய் ஓவர்டைம் பாக்கட்டும். கை மட்டும் நார்மல் ஷிஃப்ட்லயே போகட்டும்."

டீச்சர் கத்தியை அவன் பக்கம் நீட்டுவார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். காய் வெந்துவிடும்.

பொட்டலங்களை நானும் அவனும் வேனில் கொண்டுபோவோம். லிஃப்ட் வேலை செய்யாத நாள்களில் அவன் படி ஏறும்போதே பாடத் தொடங்குவான். பழைய கிறிஸ்தவப் பாட்டுகள். மெட்டு சரியாக இருக்கும், வார்த்தைகளைப் பாதி அவனே போட்டுக்கொள்வான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கதவுகள் திறக்கும். படுக்கையில் இருப்பவர்கள் உள்ளிருந்தே கூடப் பாடுவார்கள். தமிழ் தெரியாதவர்கள் கம்பிக் கதவைத் தட்டித் தாளம் போடுவார்கள்.

எல்லாம் கொடுத்து முடித்த பிறகு இரண்டு பொட்டலம் மிச்சம் வைத்திருப்போம். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், வேன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மடியில் தாளை விரித்து, நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம். மேலே யாருடைய துணியோ சொட்டிக்கொண்டிருக்கும். அவன் பாலத்துக் கதைகள் சொல்வான். நான் கேட்பேன். அந்த அரைமணி நேரம்தான் என் வாரம். மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழி. அது ஊழியமா நட்பா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுமோ என்று பயம்.

ஒருநாள் எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டான். "அண்ணே, ஒரு கேள்வி. கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீங்க ஏன் கல்யாணம் பண்ணல?"

"நான் கேட்டவங்க எல்லாம் ஜெபிச்சிட்டுச் சொல்றேன்னாங்க. இன்னும் ஜெபிக்கிறாங்க."

அவன் சிரித்த சிரிப்பில் சோறு ஸ்டியரிங் மேலெல்லாம் தெறித்தது. துடைத்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சிரித்தான். என்னால் ஒரு மனிதன் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

*

ஊழியர்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்று சபைக் கமிட்டி முடிவெடுத்தது அந்த வருடம்தான். நல்ல எண்ணம். ஆட்கள் குறைகிறார்கள், இருக்கிறவர்களையாவது கௌரவிப்போம் என்றார்கள். என்ன செய்வது என்று பேசினார்கள். மாலை நம் வழக்கமல்ல என்றார் ஒரு மூப்பர். சரி, பொன்னாடை. ஒரு கண்ணாடிக் கேடயம். கேக். குழுப்படம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் நால்வரையும் மேடைக்கு அழைத்தார்கள். பாராட்டிப் பேச வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். அவருக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் தெரியும். பள்ளியில் யார் பணி ஓய்வு பெற்றாலும் பேசிய அதே பேச்சு. "அயராது உழைத்தார்கள், தன்னலம் பாராது தொண்டாற்றினார்கள், அவர்கள் விட்டுச்செல்லும் தடம்..." என்று நீண்டது. எல்லாமே முடிந்துபோனதைப் பற்றிய வார்த்தைகள். எனக்கு அது அப்போது காதில் ஏறவில்லை. பொன்னாடை சரிகை கழுத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. டீச்சரும் அக்காவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தனை வருடச் சண்டைக்குப் பிறகு அந்த அழுகையைப் பார்த்துச் சபையே அழுதது. நீளக் கைச்சட்டையில், பொன்னாடையோடு, புதுமாப்பிள்ளை மாதிரி நின்ற என் சிநேகிதன் என் காதருகே குனிந்தான்.

"நல்ல மரியாதையாத்தான் அனுப்பி வைக்கிறாங்கண்ணே."

வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பின்சந்தில் யாரும் இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. டயர் கடைப் பையன்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், இன்னும் வரலையா?"

"எங்க தம்பி?"

"சமைக்க."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டும் சத்தம். "அதான் எங்கள எல்லாம் அனுப்பி வச்சிட்டீங்களே. நான் ரெங்கத்துக்கு மக வீட்டுக்கு வந்துட்டேன். பேரனப் பாத்துக்க ஆளில்லன்னா. சரி, நமக்குத்தான் முடிஞ்சிச்சேன்னு வந்துட்டேன்."

"டீச்சர், அது அனுப்பி வைக்கிறதுக்கு இல்ல. உற்சாகப்படுத்த."

"அலமாக்! உற்சாகப்படுத்தவா பொன்னாட போடுவாங்க? என் ஸ்கூல்லயும் கடைசி நாளு இதே பொன்னாட, இதே கேக்கு, இதே மனுசன் இதே பேச்சு." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். "புது டீம் எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன் பிரதர்," என்றார். பிறகு, "டீச்சர் வராங்களா?"

"இல்ல. ரெங்கம் போய்ட்டாங்க."

"அப்ப நான் வந்து யார்கிட்ட பேசறது?"

எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

லோரிக்காரனின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

வெங்காயத்தின் நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் சபையில் ஊழியத்துக்குள் வருவதற்கு வழி இருந்தது, வெளியே போவதற்கு இல்லை. போதும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டவருக்குப் போதும் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் மற்றவர்கள் சோப்பு வரிசைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இவர்கள் மூவருக்கும் எதிர்பாராமல் ஒரு முன்வாசல் கிடைத்துவிட்டது. சரிகை போட்ட வாசல். களைத்துப்போயிருந்திருக்கிறார்கள். எத்தனை நாளாகவோ தெரியாது. நான் கேட்டதில்லை. நாளைக்கு வருவீங்களா என்பதைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை.

அன்று முட்டை சம்பால் மட்டும் செய்தேன். என் மடிப்பில் பொட்டலங்கள் எல்லாம் கோணலாக உட்கார்ந்தன. அடுக்குமாடியில் பாட்டில்லாமல் படியேறினேன். கதவுகள் திறக்கவில்லை. தட்ட வேண்டியிருந்தது, யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடம் வந்தும் என் குரல் அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசி மாடியில் ஒரு சீன மூதாட்டி கம்பிக்குள்ளிருந்து என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பாடுகிறவர் எங்கே என்று மலாயில் கேட்டார். லீவு என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வருவாரா என்றார். நான் சிரித்துவிட்டு இறங்கினேன்.

வேனில் வந்து பார்த்தால் இரண்டு பொட்டலம் மிச்சம். பழக்கத்தில் கட்டியிருக்கிறேன். ஒன்றைப் பிரித்தேன். கண்ணாடியை இறக்கத் தோன்றவில்லை.

*

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் அவன் ஆராதனைக்கும் வரவில்லை. ஞாயிறும் வேலைக்குப் போகிறார் என்றாள் அவன் மனைவி, சபை வாசலில், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு பொது விடுமுறை அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது. சில மாதங்களில் என் கம்பெனி என்னைக் கெலாங் பாத்தாவுக்கு மாற்றியது. அவனும் அந்தத் தாமான் குடியிருப்பை விட்டு வேறெங்கோ வீடு மாறிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவதில் எனக்குக் கொஞ்சம் கைத்திறன் உண்டு. யாரை எந்த இடத்தில் தொட்டால் எழுவார்கள் என்று தெரியும். சிலருக்கு வசனம். சிலருக்குப் புகழ்ச்சி. இவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். கடைசி மாடியில் அந்த ஆன்ட்டி உன்னைக் கேட்டாங்க, அடுத்த வாரம் வருவியான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் அடுப்பு எரியும்.

அவன் வீட்டு முன்னால் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். புதிதாக வாங்கிய ஒரு குட்டி நாய் என் காலைச் சுற்றி வந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "தண்ணி கலக்கட்டுமாண்ணே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ஃபோன எடுக்கல நீ," என்றேன்.

"எடுத்தா வந்துருவேன். அதான் எடுக்கல."

துணியைப் பிழிந்துகொண்டே அவன்தான் பேசினான்.

"மேடையில நிக்கிறப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமாண்ணே? அப்பாடா, முடிஞ்சிச்சுன்னு. வீட்டுக்கு வந்தப்பறம் அத நெனச்சு வெக்கமாப் போச்சு."

"அது முடிக்கிறதுக்கு வச்ச விழா இல்லப்பா."

"தெரியும். டீச்சர் ஃபோன் பண்ணிச் சிரிச்சாங்க." துணியை உதறிக் கொடியில் போட்டான். "இவ என்ன சொல்றா தெரியுமா? கல்யாணம் ஆனதுலருந்து ஒரு சனிக்கிழம மத்தியானம்கூட நான் இவ கையால சாப்பிட்டது இல்லியாம். நான் சண்டைக்குப் போனேன். ஒரு தடவையாச்சும் சாப்பிட்டிருப்பேன் லான்னு. ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். இல்லண்ணே. எல்லாச் சனிக்கிழமையும் உங்ககூட வேன்லதான் சாப்பிட்டிருக்கேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம். அந்த அரைமணி நேரங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் வாரம் முழுவதும் இன்னொரு வீட்டு மேசையிலிருந்து எடுத்தது. அங்கே ஒருத்தி தட்டை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி அலமாரியில் வைத்திருக்கிறாள். வாரா வாரம்.

வாக்கியம் என் நாக்கில்தான் இருந்தது. கடைசி மாடி. அந்த ஆன்ட்டி. சொல்லியிருந்தால் வந்திருப்பான். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான். ஆனால் பேரங்காடியில் என்னைக் கண்டால் சோப்புப் பக்கம் திரும்பியிருப்பான், என்றைக்காவது. இன்னொரு வாக்கியமும் இருந்தது. சமையல் வேண்டாம், படி ஏற வேண்டாம், என்றாவது ஒருநாள் என்னோடு எங்கேயாவது உட்கார்ந்து ஒரு தே ஓ குடிப்பாயா என்பது. அதைக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. வேலைக்கு ஆள் கேட்டே வளர்ந்த வாய், ஆளை மட்டும் கேட்க எழவில்லை.

அவன் மனைவி கொண்டுவந்த மைலோவை நின்றபடியே குடித்தேன். நல்ல சூடு. பாலத்து ஜாம் பற்றி ஏதோ கேட்டேன். ஏதோ சொன்னான். சிரித்தோம் என்று நினைக்கிறேன். கோப்பையைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அவன் காத்திருந்தான். நான் கேட்கப்போவதைக் கேட்டுவிடட்டும் என்று, தோள்களைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு.

"வேற ஒண்ணுமில்லியாண்ணே?"

"இல்லப்பா. சும்மா ஒன்னப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

தோள்கள் இறங்கின. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னான்.

"அப்ப சரிண்ணே. போறப்ப கேட்ட சாத்திட்டுப் போங்க, நாய் ஓடிரும்."